ஒரு கோடையும் ஒரு தலைமுறையும்



ஐக்கிய அமெரிக்காவில் 1924ஆம் ஆண்டு தோன்றிய தாவர உயிரியற் சங்கம், பட்டப்படிப்பு மாணவருக்குக் கோடைகால ஆராய்ச்சிப் புலமைப்பரிசில் வழங்கும் வழக்கமுடையது. அதன் பயனை நாம் சிந்தித்தல் வேண்டும்.

விடுமுறையிற் கூலிவேலை தேடவேண்டிய ஏழை மாணவன், அப்பணத்தின் துணையால் ஆசிரியரின் அருகிருந்து ஆய்வுகூடத்திற் பழகுகின்றான். கடுகுக் குடும்பத்து அராபிடொப்சிஸ் என்னுஞ் சிறுசெடி, ஆறு முதல் எட்டு வாரத்துள் முளைத்து, பூத்து, விதை தந்துவிடும். ஆகவே ஒரே கோடையில் ஒரு தலைமுறையையே அவன் கண்ணாரக் காணலாம். விதைத்தது முளையாதொழிவதும் உண்டு; அது ஏனென்று தேடுவதே ஆராய்ச்சி.

ஊதியமின்றி உழைக்க வசதியுள்ளோர்க்கே ஆய்வுகூடம் திறக்குமாயின், அறிவு ஒருசாராரின் உடைமையாகிவிடும். கல்விக்கு ஈவோர் கட்டிடத்தோடு நில்லாது, ஏழை மாணவனின் ஒரு விடுமுறைக்கும் ஈதல் வேண்டும் என்பதே நமது வேண்டுகோள்.