பக்கவாதத்துக்குப் பின் இறுகும் கை

(நைனார்பாளையத்தில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சாலை, கிணறு, கட்டடம் என்று பேசுகிறவன் இன்று நோயைப் பற்றிப் பேச வந்திருக்கிறேனே என்று நீங்கள் வியக்கலாம். மண்வெட்டி பிடித்த கை மடங்கிக் கிடக்குமானால் அக்குடும்பத்தின் வளர்ச்சியும் அங்கேயே நின்றுவிடுகிறது. ஆகவே இதுவும் நம் துறையின் அலுவலே என்பது என் கருத்து.

மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய் அடைபட்டாலோ, வெடித்தாலோ பக்கவாதம் உண்டாகிறது. மூளையின் இடப்புறம் கெட்டால் உடலின் வலப்புறம் செயலிழக்கும். முதலில் கை பெரும்பாலும் துவண்டு கிடக்கும். சில வாரங்களோ மாதங்களோ சென்றபின் பலருக்கு முழங்கை மடங்கி, மணிக்கட்டு வளைந்து, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் புதைந்து இறுகிக்கொள்ளும். "கைக்கு வலு திரும்பிவிட்டது" என்று வீட்டார் மகிழ்வார்கள். அது வலுவன்று, தசை இறுக்கம்.

மதகுக்குக் கதவு எப்படியோ அப்படியே தசைகளுக்கு மூளையின் கட்டுப்பாடு. கதவு பழுதானால் வேண்டாத நேரத்திலும் நீர் பாய்கிறதல்லவா? அதுபோல, மூளையின் தடை குறைந்ததும் முதுகுத்தண்டிலிருந்து தசைக்குச் செல்லும் தூண்டுதல் மிகுந்துவிடுகிறது. கையை வெடுக்கென்று நீட்டினால் அது முன்னிலும் பலமாக மடங்கும். மெல்ல நீட்டினால் இணங்கி வரும்.

கவனியாமல் விட்டால் தசை குறுகி மூட்டும் இறுகிவிடும். அதன்பின் நீட்டுவது அரிது. மூடிய கைக்குள் வியர்வை தேங்கும். நகம் பதிந்து புண்ணாகும். சட்டை மாட்டுவதும் பெரும்பாடு. இத்தனையும் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் தலையில்தான் விழுகிறது. இதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை.

செய்யத்தக்கது என்ன? இயன்முறை சிகிச்சையாளர் கற்பிக்கும் முறைப்படி நாள்தோறும் பலமுறை மூட்டுகளை மெல்ல நீட்ட வேண்டும். கையைப் பிடித்து இழுத்து நோயாளியைத் தூக்கலாகாது. தோள்மூட்டு நழுவி வலி உண்டாகும். படுத்திருக்கையில் கைக்கடியில் தலையணை வைத்துத் தாங்குக. சட்டை அணிவிக்கும்போது நோயுற்ற கையை முதலிலும், கழற்றும்போது கடைசியிலும் கொள்க. உள்ளங்கையைக் கழுவித் துடைத்து, நகங்களை வெட்டி வருக. இறுக்கம் திடீரென்று மிகுந்தால் வேறெங்கோ கோளாறு இருக்கக்கூடும்: மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, படுக்கைப் புண் முதலியவற்றை ஆராய வேண்டும்.

புறா இரத்தம் தடவும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அதனால் புறாவுக்குக் கேடு. நோயாளிக்கோ காலம் வீண். மருத்துவர் தேவை கண்டால் பாக்லோபென் போன்ற மாத்திரைகளைத் தருவார்; அவற்றைத் தாமாகத் தொடங்குவதோ திடீரென நிறுத்துவதோ கூடாது. குறிப்பிட்ட தசையில் மட்டும் போடும் பொட்டுலினம் ஊசியும் உண்டு. அதன் பலன் ஏறத்தாழ 3 மாதம் நிற்கும். அக்காலத்தில் பயிற்சியும் சேர்ந்து நடைபெற வேண்டும்.

நடக்க இயலாதவரைப் பேருந்தில் ஏற்றி அலைக்கழிப்பது கடினமே. 2021 ஆகஸ்டு 5இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வரும் சேவைகளுள் ஒன்றாக வைக்கப்பட்டது. 2022 ஜனவரியில் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. எனினும், எந்த வீட்டில் யார் கிடக்கிறார் என்று ஒருவர் சொன்னால்தானே சிகிச்சையாளர் வர முடியும்? அது உங்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. முகம் கோணி, கை தளர்ந்து, பேச்சுக் குழறினால் உடனே 108க்குச் சொல்லுங்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். காலையில் கண்டதை மாலைவரை பார்ப்போம் என்று தள்ளலாகாது.

உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் தத்தம் வார்டில் பக்கவாதத்தால் படுத்திருப்போரை நேரில் கண்டு, கை மடங்கியிருக்கிறதா என்று கேட்டறிந்து, அவர் சம்மதத்துடன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இவ்வாரமே தெரிவிக்க வேண்டுகிறேன்.