செஞ்சிலுவைச் சங்கமும் நம் கடமையும்



1859-ல் ஸால்பெரினோ போரில் காயமுற்றோரை இன்ன தேசத்தார் என்று பாராமல் பேண ஊராரைத் திரட்டினார் ஹென்றி டூனான்ட். அவ்வித்தினின்று முளைத்ததே செஞ்சிலுவை இயக்கம். நம் தேசத்துச் சங்கம் 1920-ம் வருஷத்துச் சட்டத்தால் அமைந்தது. குடியரசுத் தலைவரே அதன் தலைவர்.

எனினும் ஆபத்து வருவது தெருவில் அன்றோ? 2004 டிசம்பர் 26-ல் கடல் பொங்கிப் பட்டினப்பாக்கத்துக் குடிசைகளுட் புகுந்தது. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரத்தில் பாய்ந்தது. எவ்வீட்டில் எழமாட்டாத முதியோர் உளர் என்பதை டில்லி அறியாது, அத்தெருவார் அறிவர். ஆதலின் கிளைகளே சங்கத்தின் உயிர்நிலை.

கிளை பலப்பட மூன்று வேண்டும். தேர்தல் காலந்தவறாது நடைபெற்று, தணிக்கையான கணக்கு வருஷந்தோறும் அங்கத்தினர் முன் வாசிக்கப்படல் வேண்டும். கணக்கில் ஐயம் பிறப்பின் கொடுக்கும் கை மடங்கும். தொண்டர்கள் மழைக்கு முன்னரே முதலுதவி பயிலல் வேண்டும். மூன்றாவது, பாரபட்சமின்மை. 1965-ல் வகுத்த ஏழு கொள்கைகளுள் அஃது ஒன்று.

நாமோ ஒரு குலத்தார் கூடிய சங்கம். நம் இளைஞர் அத்தொண்டிற்குச் செல்லுங்கால் குலப்பெயரை இங்கேயே வைத்துச் செல்வாராக. படகில் முதலில் ஏறவேண்டியவர் நம்மவர் அல்லர், நலிந்தவரே.

வீட்டுக்கு ஒருவரேனும் முதலுதவி பயில இன்றே பெயர் கொடுக்க வேண்டுகிறோம்.