பாரிஸ் கார்னர்ல ஒரு எல்லைக்கல்

இன்னைக்கு ஒரு கல்லைப் பத்திப் பேசலாம்னு இருக்கேன்.

ராயபுரத்துலேருந்து காலேஜ் போறதுக்கு மூணு வருஷம் பாரிஸ் கார்னர்ல இறங்கி பஸ் மாறினேன். டேர் ஹவுஸ் கட்டடத்தை ஒட்டி மேல கூரா முடியிற ஒரு கல் தூண் இருக்கும். ஏதோ வெள்ளைக்காரன் சமாதின்னு நினைச்சிட்டு ஒரு நாளும் நின்னு பார்த்ததில்லை. பின்னாடிதான் தெரிஞ்சுது. அது 1773ல கிழக்கிந்தியக் கம்பெனி நட்ட எல்லைக்கல். மொத்தம் ஆறு நட்டாங்க. இப்ப மிஞ்சியிருக்கிறது இது ஒண்ணுதான்.

எதுக்கு எல்லை? இந்தக் கோட்டுக்குத் தெற்கே, கோட்டை வரைக்கும் யாரும் எதுவும் கட்டக்கூடாது. அவ்வளவுதான்.

ஆனா அந்தக் காலி இடத்துல அதுக்கு முன்னாடி ஒரு ஊரே இருந்துச்சு. இன்னைக்கு ஹைகோர்ட்டும் பழைய சட்டக் கல்லூரிக் கட்டடமும் நிக்கிற இடம்தான் அது. கம்பெனிக்காரங்க இங்க வந்ததே துணி வாங்கத்தான். அதனால கோட்டைக்கு வடக்கே நெசவாளர்கள், சாயம் போடுறவங்க, வியாபாரிங்க, துபாஷிங்க எல்லாரும் குடியேறினாங்க. கோட்டைக்குள்ள வெள்ளையர் நகரம், வெளியில கருப்பர் நகரம். பேர் வச்சது யாருன்னு சொல்லணுமா?

1746ல பிரெஞ்சுக்காரங்க சென்னையைப் பிடிச்சாங்க. கோட்டைச் சுவருக்குப் பக்கத்துல வீடு இருந்தா எதிரி அதுல ஒளிஞ்சுக்குவான், பீரங்கி சுடவும் தடையா இருக்கும். அதனால சுவரை ஒட்டியிருந்த பகுதியை இடிச்சாங்க. 1749ல ஊர் திரும்ப இங்கிலீஷ்காரங்க கைக்கு வந்துச்சு. அவங்க வீடுகளைத் திருப்பிக் கட்டிக் கொடுத்தாங்களா? இல்லை. அதே காரணத்தைச் சொல்லி மிச்சத்தையும் இடிச்சாங்க. நடுவுல 1758 டிசம்பர்ல பிரெஞ்சு தளபதி லாலி வந்து ரெண்டு மாசம் கோட்டையை முற்றுகை போட்டப்போ, அவரோட படை வந்து தங்கினதும் கருப்பர் நகரத்துலதான். அதுக்கப்புறம் அந்தப் பயம் இன்னும் கூடிப்போச்சு.

ரெண்டு ராஜ்ஜியம் சண்டை போட்டுச்சு. ரெண்டு பேருமே இடிச்சது ஒரே ஜனங்களோட வீட்டைத்தான்.

ஜனங்க வடக்கே நகர்ந்தாங்க. முத்தியால்பேட்டையும் பெத்துநாயக்கன்பேட்டையும் புதுக் கருப்பர் நகரம் ஆச்சு. அதைத்தான் இப்ப ஜார்ஜ் டவுன்னு சொல்றோம். சாமியும் கூடவே நகர்ந்துச்சு. இடிபட்ட பட்டணம் கோயிலுக்குப் பதிலா, 1760கள்ல மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முன்னின்னு, பூக்கடை பக்கம் சென்னகேசவப் பெருமாளுக்கும் சென்னமல்லீஸ்வரருக்கும் பக்கத்துப் பக்கத்துல கோயில் கட்டினாங்க. இன்னைக்கும் தேவராஜ முதலி தெருவுல போய்ப் பார்க்கலாம்.

ஹைதர் அலி பயத்துல புது ஊரைச் சுத்தி ஒரு சுவரும் வந்துச்சு. அந்தச் செலவை அங்க இருந்தவங்ககிட்டயே வரியா வாங்கப் பார்த்தாங்க. அந்த வரி போயிடுச்சு, ஆனா வால்டாக்ஸ் ரோடுங்கிற பேர் நின்னுடுச்சு. சுவரோட ஒரு துண்டு பழைய ஜெயில் ரோட்டுல மாடிப் பூங்காவா இருக்கு. சின்ன வயசுல நான் அதுமேல ஏறி ஓடியிருக்கேன், அது என்னன்னு தெரியாமலே.

இப்ப அந்தக் கல்லுக்கு வர்றேன். எனக்கு அதுல உறுத்துறது என்னன்னா, அது ஒரு ஊர் இருந்த இடத்தோட எல்லையில நிக்குது, ஆனா ஊரைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லாது. உத்தரவு போட்டவனோட கல் அது. வீடு போனவங்க யாரும் கல் நடலை. அவங்க விட்டுட்டுப் போனது ஒரு கோயிலும் சில பேட்டைப் பேரும்தான்.

இது ஏன் உறுத்துதுன்னா, எங்க ஆயா வீடு எண்ணூர் போற கடலோர ரோட்டுல இருந்துச்சு. ரோடு அகலம் பண்ணும்போது அந்தத் தெருவே போச்சு. அதுவும் ஒரு நல்ல காரணத்துக்குத்தான், லாரி போகணும்ல? நாளைக்கு அங்க ஒரு கல்வெட்டு வச்சா ரோடு எத்தனை மீட்டர், யார் திறந்து வச்சாங்கன்னு இருக்கும். வாசல்ல நின்ன பூவரசு மரம் அதுல வராது, காத்தாட எல்லாரும் உட்கார்ந்து மீன் ஆய்ஞ்ச திண்ணையும் வராது. அந்தத் தெருப் பேர் இப்ப இருக்கிறது ஆயாவோட பழைய ரேஷன் கார்டுல மட்டும்தான். எழுத்து மங்கிட்டே வருது. போன வாரம் போட்டோ எடுத்து வச்சேன். பக்கத்துல ஆயாவை உட்கார வச்சு, யார் யார் வீடு எங்க இருந்துச்சுன்னு வரிசையாச் சொல்லச் சொல்லி ரெக்கார்டும் பண்ணிட்டேன். பதினேழு வீடு சொல்லுச்சு. பதினெட்டாவது வீட்டுக்காரம்மா பேர் மட்டும் கடைசி வரைக்கும் ஞாபகத்துக்கு வரலை.

உங்க வீட்டுலயும் அப்படி ஒரு ஆயா இருந்தா, இந்த எபிசோடை இங்கேயே நிறுத்திட்டு அவங்ககிட்ட போய் உட்காருங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.