மலைப்பாதையில் மிதிவண்டி
(ஒன்றுகூடல் விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



"லீவுக்கு குரங்கணிப் பக்கம் காட்டுப்பாதையில சைக்கிள் விடலாமாண்ணே?" என்று தம்பிகள் கேட்கிறார்கள். என்ஜினியராச்சே, கணக்கோடு சொல்கிறேன்.

1976-ல் கலிபோர்னியாவின் டமல்பாய்ஸ் மலைப் பகுதியில் இளைஞர்கள் பழைய சைக்கிள்களில் இறங்கிப் போட்டியிட்டார்கள். கீழே வருவதற்குள் பின்சக்கர பிரேக்கின் கிரீஸ் புகைந்துவிடும், மறுபடி அடைக்கணும். அதனாலேயே அந்தப் பாதைக்கு 'ரீபேக்' என்று பெயர். அங்கே இறக்கம் சுமார் 400 மீட்டர்தான். நம் போடிமெட்டிலிருந்து போடிக்கு, 17 கொண்டை ஊசி வளைவுகளோடு, ஏறக்குறைய 1,000 மீட்டர்! ஆளும் வண்டியும் 80 கிலோ என்றால், சுமார் 8 லட்சம் ஜூல் சக்தி. அதில் பெரும்பங்கு பிரேக்கில் வெப்பமாகிவிடும். ஆகவே பிரேக்கை விட்டுவிட்டுப் பிடியுங்கள். நடுவே நிறுத்தி ஆறவிடுங்கள்.

பிரேக்கைச் சரிபார்த்துவிடலாம், காட்டுத்தீயை நிறுத்த நம்மால் ஆகாது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணித் தீயில் மலையேற்றத்துக்கு வந்த இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை மறந்துவிடக் கூடாது. காய்ந்த புல்லில் பிடித்த தீ, மேட்டை நோக்கித்தான் வேகமாக ஓடும். கரடுமுரடான ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்கே தப்புவது?

எனவே கோடையில் காட்டுப்பாதை வேண்டவே வேண்டாம். மற்ற நாளிலும் வனத்துறை அனுமதி இல்லாமல் போகாதீங்க. ஏலத்தோட்டத்து ஜீப் பாதை என்றால் தோட்டக்காரரைக் கேட்டுக்கொள்ளுங்கள். தனியாகப் போகாதீங்க, எந்த வழி, எப்போது திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

மலை எங்கேயும் போயிடாது தம்பிகளா, நிதானமாகவே போகலாம்.