கேட்டுக் கொடுப்பதும் தருமமே!



"தானம் கொடுக்கத் தேவை இரக்கமா, விசாரணையா?" என்பது இன்றைய தலைப்பு. இரக்கம் ஒன்றே போதும் என்று எனக்கு முன் பேசிய அன்பர் சொன்னார். நான் விசாரணையின் பக்கம் நின்று பேச வந்திருக்கிறேன்.

எங்கள் ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான் வட்டாரத் தோட்டத்து மக்களுக்குக் கொடுக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆலயத் திருவிழாவா, தமிழ்ப்பள்ளிக் கட்டடமா, ஒரு வீட்டில் மரணமா, கேட்பதற்கு முன்னே கை நீளும். சம்பளம் சிறிது, மனம் பெரிது. அந்த மனத்தைத் தெரிந்துகொண்டுதான் சிலர் சம்பள நாள் பார்த்து ரசீதுப் புத்தகத்தோடு வருகிறார்கள். இரவுச் சந்தையிலும் சாப்பாட்டுக் கடையிலும் குழந்தைகள் படம் ஒட்டிய அட்டையை நீட்டுகிறார்கள். இப்போது அதே படம் வாட்ஸ்ஆப்பில் வங்கிக் கணக்கு எண்ணோடு வருகிறது.

பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்றார்கள் நம் முன்னோர். அந்தக் காலத்தில் வாசலில் நிற்பவரே பசித்தவர். அவர் வயிறு நம் கண்ணுக்குத் தெரியும். இன்று கேட்பவர் ஒருவர், சாப்பிட வேண்டியவர் வேறொருவர். ஏழையைக் குறுக்கு விசாரணை செய்யச் சொல்லி நான் வரவில்லை. நடுவில் பணத்தை வாங்குகிறாரே, அவரிடம் கணக்குக் கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

தெருவில் நிற்பவரிடம் மட்டும் கேட்டால் போதுமா? போதாது. பக்கத்துச் சிங்கப்பூரைப் பாருங்கள். அங்குள்ள தேசிய சிறுநீரக அறநிறுவனம் மிகப் பெரிய பெயர் பெற்றது. தொலைக்காட்சியில் கலை நிகழ்ச்சி நடத்தி, தொலைபேசி வழியே மக்களிடம் நன்கொடை திரட்டியது. அதன் தலைமை நிர்வாகி டி.டி.துரை, நம்மவர். அவருடைய அலுவலகக் கழிவறையில் தங்க முலாம் பூசிய குழாய் வைத்தது பற்றி 2004-இல் ஒரு நாளிதழ் எழுதியது. அவதூறு என்று வழக்குப் போட்டார்கள். 2005 ஜூலையில் நீதிமன்றத்தில் என்ன வெளிவந்தது? ஆண்டுக்கு ஏறக்குறைய 6 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி ஊதியம், விமானத்தில் முதல் வகுப்புப் பயணம். கையிருப்பு மூன்றாண்டுக்குத்தான் வரும் என்று சொன்னவர்களிடம் இருந்ததோ 26 கோடி வெள்ளிக்கு மேல்! வழக்கை மீட்டுக்கொண்டார்கள், நிர்வாகம் பதவி விலகியது. பொய் விலைப்பட்டியல் தொடர்பான குற்றத்துக்காக 2007-இல் துரைக்கு மூன்று மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இதில் வேதனை எது தெரியுமா? கோபம் கொண்ட ஆயிரக்கணக்கானோர் மாத நன்கொடையை நிறுத்திவிட்டார்கள். ரத்தச் சுத்திகரிப்புக்குப் படுத்திருந்த நோயாளி என்ன தவறு செய்தார்? கேட்க வேண்டிய கேள்வியைக் காலத்தில் கேட்காததன் சுமை கடைசியில் ஏழையின் தலையில்தான் விழுகிறது.

நம் நாட்டுக்கு வாருங்கள். 2024 செப்டம்பர் 11-ஆம் நாள் சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் 20 இல்லங்களில் சோதனை நடத்திய போலீஸ் 402 சிறார்களை மீட்டது. பிள்ளைகளைக் காட்டி, மக்களின் இரக்கத்தைத் தூண்டி, நிதி திரட்டியதாக முதற்கட்ட விசாரணையில் தெரிகிறது என்று போலீஸ் கூறியது. கொடுத்தவர்கள் எல்லாரும் இரக்கப்பட்டுத்தானே கொடுத்தார்கள்!

என்ன கேட்க வேண்டும்? வீடு வீடாகவோ தெருவிலோ நிதி திரட்ட 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். அந்த அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். இல்லம் என்றால் சமூக நல இலாகாவில் பதிவு இருக்கிறதா, சங்கம் என்றால் சங்கப் பதிவிலாகாவில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். தனிநபர் கணக்குக்குப் பணம் போடாதீர்கள். போலீஸ் இணையத்தளத்தில் அந்தக் கணக்கு எண் மோசடியில் சிக்கியதா என்று சோதிக்க வழி இருக்கிறது. ஏமாந்து பணம் அனுப்பிவிட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே 997-ஐ அழையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, முடிந்தால் நேரில் போய், அரிசியாகவும் பள்ளிச் சீருடையாகவும் கொடுங்கள். போனால் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

"ஐந்து வெள்ளிக்கு இவ்வளவு விசாரணையா?" என்று அன்பர் கேட்கலாம். ஐயா, 1960-இல் துன் வீ.தி.சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களைத் திரட்டி தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பால்மரம் வெட்டியவர்கள் கொடுத்ததும் சிறு தொகைதான். அந்தச் சிறு தொகைகள் சேர்ந்துதான் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தையே வாங்கின. நம்முடைய ஐந்து வெள்ளி சிறியதல்ல. அது நல்ல கைக்குப் போனால் தோட்டமாகும். கெட்ட கைக்குப் போனால் தங்கக் குழாயாகும்.

கேள்வி கேட்டால் நல்லவர் கோபப்படமாட்டார், கணக்கைக் காட்டுவார். கோபப்படுகிறவருக்குக் கொடுக்காதீர்கள். அந்தப் பணம் உங்கள் பையிலேயே கிடக்கட்டும். அதற்கு உரியவர் உங்கள் தோட்டத்து லயத்திலேயே, நாலு வீடு தள்ளி இருக்கலாம்.