தள்ளிப்போடுதலும் கைவிடுதலும்



ஆங்கிலம் கற்போருக்கு நெடுஞ்சொற்கள் அத்துணை இடர் தருவதில்லை. அகராதியைப் புரட்டினால் பொருள் விளங்கிவிடும். இடர் தருவன சிறு சொற்களே. எளியதொரு வினைச்சொல்லும் அதன் பின் வரும் சிறு சொல்லும் கூடி, தனித்தனியே அவற்றுக்கு இல்லாத புதுப்பொருளைத் தந்து நிற்கும். 1755ஆம் ஆண்டில் ஆங்கிலப் பேரகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அயல்மொழியாளருக்குப் பெருந்தொல்லை தருவன இத்தகைய சேர்க்கைகளே என்று அதன் முன்னுரையில் குறித்தார். அவற்றுள் 'புட் ஆஃப்' என்னும் ஒன்றை இன்று ஆராய்வோம்.

'புட்' என்பது வைத்தல் அல்லது போடுதல். 'ஆஃப்' என்பது அப்பால். இரண்டும் கூடினால், ஒரு செயலை வேறொரு நாளுக்குத் தள்ளுதல் என்பது பொருள். தமிழில் நாம் 'தள்ளிப்போடு' என்கிறோம், 'ஒத்திவை' என்கிறோம். அவற்றிலும் போடுதலும் வைத்தலுமே அமைந்திருத்தலை நோக்குங்கள். 'போஸ்ட்போன்' என்னும் சொல்லும், 'பின்னே வை' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்ததே. மொழி மூன்றாயினும் கருத்து ஒன்றே.

இதனோடு பலரும் மயங்குவது 'கால் ஆஃப்' என்பது. இங்கே 'கால்' என்பது நாம் நடக்கும் கால் அன்று. அழைத்தல் என்னும் வினை. 'ஆஃப்' சேர்ந்ததும், நிகழவிருந்த ஒன்றை அறவே கைவிடுதல் என்றாகிறது. தேர்வு 'புட் ஆஃப்' செய்யப்பட்டது எனின் படிப்பைத் தொடரவேண்டும். 'கால் ஆஃப்' எனின் அத்தேர்வே இல்லை. அறிவிப்புப் பலகையில் இவ்வேறுபாட்டை உணராத மாணவன், புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் புதிய தேதியன்று செய்வதறியாது விழிப்பான்.

வழக்கில் இரண்டு விதிகளை மனத்திற் கொள்க. கூட்டத்தைத் தள்ளிப்போடுதலை 'புட் ஆஃப் த மீட்டிங்' என்றும், 'புட் த மீட்டிங் ஆஃப்' என்றும் கூறலாம். 'இட்' என்னும் பிரதிப்பெயர் வரின் அது நடுவிலேயே நிற்கும்: 'புட் இட் ஆஃப்'. அடுத்து ஒரு வினை வரின் 'புட் ஆஃப் கோயிங்' என்பதே முறை. 'புட் ஆஃப் டு கோ' என்பது பிழை.

இச்சேர்க்கைக்கு இன்னொரு பொருளும் உண்டு. துர்நாற்றத்தால் உணவில் வெறுப்புத் தோன்றினால், அந்நாற்றம் நம்மை 'புட் ஆஃப்' செய்தது என்பர். அங்கே தள்ளப்படுவது நாள் அன்று, நம் மனமே.

ஆதலால், இத்தகைய சேர்க்கைகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்யாதீர்கள். ஒவ்வொன்றையும் ஒரு முழு வாக்கியத்தோடு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். பக்கத்தில் நிற்கும் சொற்களே பொருளைக் காட்டிக்கொடுக்கும். இம்முயற்சியை மட்டும் நாளைக்கென்று 'புட் ஆஃப்' செய்துவிடாதீர்கள்!