அபராதமும் ஜப்தியும்

புனா நகரின் தென்பகுதியிலுள்ள கோந்த்வாவில் குடியிருக்கும் நம்மவர் வீட்டுக்கு மராட்டியில் எழுதிய கோர்ட்டுக் காகிதம் ஒன்று வருமாயின், அதைப் படித்தறியும் முன்பே கலக்கம் வந்துவிடுகிறது. எழுத்துப் புரியாமை பாதி, அச்சம் பாதி. ஆயினும் அக்காகிதத்தின் முக்கியச் சொற்கள் நமக்குப் புதியவை அல்ல. மராட்டியர் 'தண்ட்' என்பது நம் ஊர்த் தண்டமே. அவர்கள் ஜப்தி என்பதும் நம்முடைய ஜப்தியே. ஊரில் அமீனா என்று நாம் அழைத்தவருக்கு இங்கே பேலிஃப் என்று பெயர்.

அச்சத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. சென்னை மாகாணத்தில் வரி வசூலுக்காகக் குடிமக்களின் கைகளைக் கிட்டியில் இட்டு நெரித்தார்கள் என்பதை, அரசாங்கம் நியமித்த விசாரணைக் குழுவே 1855-ஆம் ஆண்டில் வெளிப்படுத்திற்று. வசூலுக்கு ஆள் வந்தால் கதவைச் சாத்தும் வழக்கம் அந்நாளிலிருந்து வந்ததோ என்னவோ! இன்று கதவைச் சாத்துவதால் நஷ்டம் நமக்கே.

நீதிமன்றம் விதித்த அபராதத்தைக் கட்டத் தவறினால் நேர்வது யாது? 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதீய நாகரிக் சுரக்ஷா சங்ஹிதையின் 461-ஆம் பிரிவு இதற்கு இரு வழிகளைக் கூறுகிறது. அசையும் பொருள்களை ஜப்தி செய்து விற்க நீதிமன்றம் வாரண்டு பிறப்பிக்கலாம். அல்லது நிலவரிப் பாக்கியைப் போல வசூலிக்குமாறு கலெக்டருக்கு எழுதலாம். கலெக்டருக்குச் செல்லும் வாரண்டின் பேரில் எவரையும் கைது செய்தல் ஆகாது. ஆனால் அபராதம் கட்டாவிடில் இத்தனை நாள் சிறை என்று தீர்ப்பிலேயே கூறியிருந்தால் அது வேறு விஷயம். அச்சிறைவாசத்தின் நடுவில் ஒரு பகுதிப் பணம் கட்டப்பட்டால் அந்த அளவுக்கு நாள்கள் குறையும். சிறைக்காலம் முழுவதையும் கழித்தவரிடம் மீண்டும் பணம் வசூலிக்க வேண்டுமானால், நீதிமன்றம் விசேஷக் காரணங்களை எழுத்தில் பதிவு செய்தாக வேண்டும்.

"ஊருக்குப் போய்விட்டால் விட்டுவிடுவார்கள்" என்று நம்மவரிடையே ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு. அபராதத்தை வசூலிக்கப் பொதுவாக ஆறு ஆண்டுகள் அவகாசம் உண்டு. அங்குள்ள மாவட்ட மாஜிஸ்திரேட்டு மேலொப்பம் இட்டால், புனாவில் பிறந்த வாரண்டு திருநெல்வேலியிலுள்ள மாட்டையும் மோட்டார் சைக்கிளையும் பற்றும்.

ஓடுவதைவிடக் கேட்பது நன்று. அபராதம் மட்டுமே தண்டனையாயின், உடனே கட்ட இயலாதவர் நீதிபதியிடம் தவணை கோரலாம். முப்பது நாளுக்குள் முழுவதையும் கட்டவோ, இரண்டு மூன்று தவணைகளாகக் கட்டவோ, ஜாமீன் பத்திரம் பெற்றுக்கொண்டு அவர் அனுமதிக்கலாம் என்று 464-ஆம் பிரிவு சொல்கிறது. இதைக் கேளாமலே காலம் கடத்துவோர்தாம் மிகுதி.

கடன் வழக்கில் டிக்கிரி பெற்று வரும் பேலிஃபின் அதிகாரம் வேறு வகையைச் சேர்ந்தது. உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, தொழிலாளியின் கருவிகள், சமய வழக்கப்படி பெண்கள் கழற்றக்கூடாத தாலி முதலிய அணிகள் ஆகியவற்றைச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு ஜப்தியிலிருந்து விலக்குகிறது. சூரியன் மறைந்தபின் விடியும்வரை அவர் வீட்டினுள் நுழையலாகாது. பணம் கட்டச் சக்தியற்ற ஏழையை, கடன்பட்ட ஒரே காரணத்துக்காகச் சிறையில் அடைத்தல் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980-ஆம் ஆண்டில் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. எழுதியவர் நீதிபதி கிருஷ்ணய்யர்.

வங்கியின் வசூல் ஏஜெண்டோ கோர்ட்டு ஆள் அல்லர். ஜப்தி செய்ய அவருக்கு அதிகாரம் இல்லை. காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஏழு மணிக்குப் பின்னும் பாக்கி கேட்டுத் தொலைபேசியில் அழைத்தலும், உறவினர் நண்பரிடம் சென்று அவமானப்படுத்தலும் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் உத்தரவிட்டுள்ளது. வங்கி அதிகாரிகள் பயிற்சி பெறும் தேசிய வங்கி மேலாண்மை நிலையம் இதே கோந்த்வாவில்தான் இருக்கிறது என்பது ஒரு வேடிக்கை.

தொலைபேசியில் "நாங்கள் கோர்ட்டிலிருந்து பேசுகிறோம், அபராதத்தை இப்பொழுதே அனுப்பு" என்பவன் மோசக்காரன். அவனைப் பற்றி 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம். மெய்யான வாரண்டு எழுத்தில் இருக்கும். கையொப்பமும் முத்திரையும் அதில் காணும். பணம் கட்டுமிடம் நீதிமன்றம். ரசீதும் அங்கேயே பெறவேண்டும்.

சிவாஜிநகரிலுள்ள மாவட்ட நீதிமன்றத்தில் சட்டப்பணி ஆணையம் செயற்படுகிறது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவாயினும் அங்கே இலவச வக்கீல் உண்டு, தொழிலாளர்களுக்கும் உண்டு. 15100 என்ற எண்ணிலும் விசாரிக்கலாம். போகுமுன் ஒரு காரியம்: காகிதத்தில் தேதி பெரும்பாலும் தேவநாகரி இலக்கங்களில் இருக்கும். அவற்றுள் சிலவற்றை நம் கண் தவறாகப் படிக்கும். வந்த அன்றே மராட்டி அறிந்த அண்டை வீட்டாரிடம் காட்டி, ஆஜராக வேண்டிய நாளையும் வழக்கு எண்ணையும் தமிழில் குறித்துக்கொள்ளுதல் நலம்.